விழிஞத்தில் ஒரு நாள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் வித்துரா. ரப்பர்த் தோட்டங்களும் கமுகு மரங்களும் ஊரைச் சூழ்ந்திருக்கும். பல வீடுகளின் புறக்கடையில், ஏதேனும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி ஏறியிருக்கும். கிழக்கே நோக்கினால் பொதிகை மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். அத்தொடரில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்பது அகத்தியர் கூடம். அம்மலைக்கு நடந்து செல்வோர் பயணத்தைத் தொடங்கும் இடம் போணக்காடு. அங்குள்ள தேயிலைத் தோட்டத்திற்கு வேலை தேடிச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் என் தாத்தா. என் தாய் அத்தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கேயே 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நான் இப்போது வித்துராவில் வாழ்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

மலையாளத்தில் ஒருவருடைய சொந்த ஊரை அறிய விரும்புவோர், "நாடு எவிடெயா?" என்று கேட்பர். நமக்கு 'நாடு' என்றால் தேசம். அவர்களுக்கு அது பிறந்த ஊர். ஓணம் விடுமுறை வந்தால் என் மகளின் தோழியர் பலர் தத்தம் 'நாட்டுக்கு'ச் செல்வர். அவளிடம் அக்கேள்வியைக் கேட்டால் என்ன விடை சொல்வதென்று தெரியாமல் நிற்பாள். வித்துரா என்றால், "வீட்டில் தமிழ் அல்லவா பேசுகிறீர்கள்?" என்பர். செங்கோட்டை என்று சொல்லலாம் என்றாலோ, அங்கு எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. அங்குள்ள உறவினர் அவளை 'மலையாளத்துப் பிள்ளை' என்றே அழைப்பர்.

சென்ற ஆண்டு அவளுடைய பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். விருப்ப மொழியாகப் பயிலும் தமிழை அடுத்த ஆண்டும் தொடர விருப்பமா, இல்லையா என்பதை அதில் குறித்துத் தர வேண்டும். "எந்த ஊரும் நம் ஊர் இல்லை என்றான பிறகு, மொழி மட்டும் எதற்கு அம்மா?" என்று அவள் கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் அப்போது நல்ல விடை இல்லை. படிவம் நிரப்பப்படாமலே இருந்தது.

அந்த வாரத்தில்தான் நாங்கள் மூவரும் விழிஞத்திற்குச் சென்றோம். அது மகளுக்காகத் திட்டமிட்ட பயணம் அன்று. வாழ்நாளெல்லாம் மலையில் கழித்த என் தாய், ஒருமுறையேனும் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து கடலுக்கு

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டோம். வழியில் நெடுமங்காடு வந்தது. மலைபடு பொருள்களுக்குப் பெயர்பெற்ற சந்தை அவ்வூரில் உள்ளது. திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையில் இறங்கி, விழிஞம் செல்லும் பேருந்தில் ஏறினோம். மலையடிவாரத்திலிருந்து கடற்கரையை அடைய ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று.

இன்று பேருந்தில் எளிதாகக் கடக்கும் இந்த நிலப்பரப்பு, பழங்காலத்தில் ஆய் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பொதிகை மலைக்குரியவனாகச் சங்கப் புலவர்கள் போற்றிய ஆய் அண்டிரன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் மரபில் வந்தோர் பிற்காலத்தில் விழிஞத்தைத் தம் துறைமுகமாகக் கொண்டனர். எட்டாம் நூற்றாண்டில் ஆட்சி செய்த பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு, விழிஞக் கோட்டையின் அரணைச் சிறப்பித்துக் கூறுகிறது. பின்னர்ச் சோழர் இவ்வூரைக் கைப்பற்றி, இராசேந்திர சோழப் பட்டினம் என்று பெயரிட்டனர். ஆயர், பாண்டியர், சோழர், வேணாட்டரசர் என ஒருவர் பின் ஒருவராக இத்துறையை விரும்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலையில் விளைந்த மிளகு, கடல் வழியாகத்தான் வெளியுலகை அடைந்தது.

விளக்கின் உச்சியில்

முதலில் கலங்கரை விளக்கத்தைக் காணச் சென்றோம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டப்பெற்ற இவ்விளக்கம், 1972-ஆம் ஆண்டில் ஒளிவீசத் தொடங்கியது. இதன் உயரம் 36 மீட்டர். உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் பிறைநிலா வடிவில் கோவளம் கடற்கரை தெரிகிறது. தெற்கே மீன்பிடித் துறைமுகமும், அதன் கரையில் பள்ளிவாசலும் மாதா கோயிலும் தெரிகின்றன. அவற்றுக்கும் அப்பால், புதிய பன்னாட்டுத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தைத் தொடுவனபோல் நின்றன.

என் தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மலை மேல நின்னா மேகம் இப்படித்தான் பரந்து கெடக்கும், இது தண்ணி" என்றார்.

கலங்கரை விளக்கம் என்றவுடன் உலகோர் நினைவில் எழுவது அலெக்சாந்திரியா. மத்தியதரைக் கடற்கரையில் எகிப்து நாட்டில் உள்ள துறைமுக நகரம் அது. பேரரசர் அலெக்சாந்தர் பொது ஆண்டுக்கு முன் 331-இல் அதனை நிறுவினார். அங்கு எழுந்த பாரோசு கலங்கரை விளக்கம் உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாக எண்ணப்பட்டது. நிலநடுக்கங்களால் அது சரிந்தது. அது நின்ற இடத்தில் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை கட்டினர். அக்கோட்டையை இன்றும் காணலாம். அந்த நகரத்திற்கும் நம் மலைக்கும் உள்ள உறவை மகளுக்குச் சொல்ல நினைத்தேன். அதற்குள், "பசிக்கிறது" என்றாள். வழியில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு உண்ணலாம் என்று அழைத்துச் சென்றேன்.

முற்றுப்பெறாத சிற்பங்கள்

விழிஞத்தில் சிறியதொரு குடைவரைக் கோயில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒற்றைப் பாறையைக் குடைந்து ஒரு சிற்றறை அமைத்துள்ளனர். அதன் இரு புறமும் சிவனும் பார்வதியும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளனர். ஆனால் அவை முழுமை பெறவில்லை. உருவங்களின் எல்லைகள் தெரிகின்றன; நுட்பமான வேலைப்பாடுகள் செய்யப்படவில்லை. சிற்பி பணியைப் பாதியில் விட்டதற்கான காரணத்தைக் கல் சொல்லவில்லை. "போர் வந்திருக்குமோ?" என்றாள் மகள். "கூலி கொடுத்திருக்க மாட்டாங்க" என்றார் என் தாய். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அதுவே முதலில் தோன்றும் காரணம்.

ஒரு நண்பகல் உணவு

மீன்பிடித் துறைமுகத்திற்கு அருகில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தோம். நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அவர் என் மகளைப் பார்த்து, "மோளே, சிப்பி கழிச்சிட்டுண்டோ?" என்று கேட்டார். சிப்பியை உண்டதுண்டா என்பது பொருள். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

கடலடிப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் சிப்பிகளை, மூச்சடக்கி மூழ்கிச் சென்று பெயர்த்து எடுப்பார்கள். ஓட்டினுள் உள்ள சதையை எடுத்துத் தூய்மை செய்து, தேங்காயும் சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து வறுப்பார்கள். வறுத்த சிப்பியுடன் அவித்த மரவள்ளிக் கிழங்கும், குடம்புளியிட்ட மீன் குழம்பும் வந்தன. என் தாய் தயங்கித் தயங்கி ஒரு துண்டை வாயில் இட்டார். "மழை நாள்ல லயத்துக்குப் பின்னால முளைக்குமே காளான், அதை வறுத்த மாதிரி இருக்கு தாயி, சாப்பிடு" என்று பேத்தியிடம் சொன்னார். அதன் பிறகு மகளின் தட்டும் விரைவில் காலியாயிற்று.

பரிமாறியவாறே அப்பெண்மணி கேட்டார்: "நாடு எவிடெயா?"

மகள் என்னை நோக்கினாள். நான் பேசுவதற்கு முன் என் தாய் விடை சொன்னார்: "மூணு தலைமுறையா பொன்முடிப் பக்கத்து மலையிலதான் இருக்கோம்மா. அதுக்கு முன்னால செங்கோட்டை. அதுக்கும் முன்னால எங்கேன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது."

அப்பெண்மணி சிரித்தார். "என்றெ அம்ம குளச்சல்காரியா" என்றார். குளச்சல் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். கடலோர மக்கள் பெண் கொடுப்பதும் கொள்வதும் மாநில எல்லையைக் கடந்து நடப்பவை. அவருடைய மலையாளத்தில் பாதி எங்களுக்குத் தமிழாகவே கேட்டது. இருவரும் குழம்பின் பக்குவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

எங்கள் தட்டில் இருந்தவற்றை நான் எண்ணிப் பார்த்தேன். சிப்பியும் மீனும் அக்கடலுக்கு உரியவை. குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலையின் விளைபொருள், மிளகும் அவ்வாறே. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மக்களின் பசி தீர அதனைப் பயிரிட ஊக்குவித்தார். குழம்பைச் சிவக்கச் செய்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின் இந்தியாவிற்கு அறிமுகமானது. கொத்தமல்லியும் வெந்தயமும் சீரகமும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலங்களிலும் மேற்கு ஆசியாவிலும் தோன்றிய பயிர்கள். ஒரே தட்டில் நான்கு திசைகளும் இருந்தன. அவற்றுள் எதையும், 'உன் நாடு எது?' என்று கேட்டு எவரும் ஒதுக்குவதில்லை.

மிளகு சென்ற வழி

உணவுக்குப் பின் மீன்பிடித் துறைமுகத்தின் கரையில் அமர்ந்தோம். மேற்கே கடல் பளபளத்தது. விளக்கின் உச்சியில் சொல்லாமல் விட்டதை அங்குச் சொன்னேன்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து சூலை மாதத்தில் மரக்கலங்கள் புறப்படும். தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை அரபிக் கடலைக் கடந்து நம் கரைக்குக் கொண்டுவரும். காற்று திசை மாறும் வரை அவை திரும்ப இயலாது. எனவே மாலுமிகள் சில திங்கள் இங்கேயே தங்கினர்; இங்குள்ள உணவை உண்டனர்; இங்குள்ளவரோடு பேசிப் பழகினர். திசம்பர், சனவரி மாதங்களில் வடகிழக்குக் காற்றின் துணையோடு திரும்பினர். யவனரின் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறுகிறது. அது கூறும் துறைமுகம் விழிஞத்திற்கு வடக்கே உள்ள முசிறி. அக்காலத்தில் மிளகுக்குக் 'கறி' என்று பெயர்.

செங்கடல் துறையில் இறங்கிய மிளகு, ஒட்டகங்களின் முதுகில் பாலையைக் கடந்து நைல் ஆற்றை அடைந்தது. அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்கும், கடல் கடந்து உரோமுக்கும் சென்றது. முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே நடந்த வாணிகம் பற்றிய ஓர் ஒப்பந்தம், இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாளில் எழுதப்பட்டு இன்றும் வியன்னாவில் உள்ள ஆசுத்திரிய தேசிய நூலகத்தில் உள்ளது. செங்கடல் துறையான பெரனிக்கேயில், கோயில் ஒன்றில் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு நிறைந்த இந்தியத் தாழி ஒன்றைத் தொல்லியலாளர் கண்டெடுத்தனர். உரோமானிய அறிஞர் பிளினி, காரத்தைத் தவிர வேறு சுவையில்லாத இம்மிளகுக்கு ஏன் இத்தனை பொன் செலவாகிறது என்று வியந்து எழுதினார். ஆயினும் உரோமானியச் சமையல் நூலில் பெரும்பாலான பண்டங்களுக்கு மிளகு வேண்டியிருந்தது!

"மிளகு போயிற்று. நம்மவர் யாராவது போனார்களா?" என்று மகள் கேட்டாள்.

போனார்கள். எகிப்தில் குசேர் அல்-காதிம் என்னும் பழைய துறைமுகத்தில் அகழாய்வு நடந்தபோது, உடைந்த தாழி ஒன்றின் ஓடு கிடைத்தது. அதில் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்பது உறி. கயிற்றில் தொங்கவிடும் பானை என்பது பொருள். அதே இடத்தில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகளும் கிடைத்துள்ளன. அரசனின் புகழையோ வெற்றியையோ எழுதாமல், தன் பானை இன்னது என்று தன் மொழியில் ஒருவர் எழுதி வைத்தார். அவர் எவ்வூரில் பிறந்தார், வீடு திரும்பினாரா என்பவற்றுக்குச் சான்று இல்லை. அவருடைய நிலமும் வீடும் மறைந்தன. அடுக்களையில் புழங்கும் இரண்டு சொற்களே அவர் இன்னார் என்று நமக்குச் சொல்கின்றன.

மகள் மணலில் 'உறி' என்று எழுதினாள். "எங்க அம்மா தயிர்ப்பானையை உறியிலதான் வைப்பாங்க, இல்லேன்னா எலி குடிச்சிரும்" என்றார் என் தாய். 2,000 ஆண்டுப் பழமை வாய்ந்த அச்சொல்லை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை.

பெட்டிகளின் துறைமுகம்

பிற்பகலில், தொலைவில் ஒரு பெருங்கப்பல் புதிய துறைமுகத்தில் நிற்பதைக் கண்டோம். அதன் உடலில் 'எம்.எஸ்.சி.' என்னும் மூன்று எழுத்துகள் பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தன. 'மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி' என்பதன் சுருக்கம் அது. இத்தாலிய மாலுமி ஒருவர் 1970-இல் தொடங்கிய நிறுவனம். மத்தியதரைக் கடலின் பெயர், மீண்டும் ஒருமுறை நம் கரைக்கு வந்திருந்தது.

இயற்கையாகவே ஆழம் மிகுந்தது விழிஞம். பன்னாட்டுக் கப்பல் வழிக்கும் மிக அருகில் உள்ளது. 2024 சூலையில் முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் இங்கு வந்தது. 2025 மே 2-ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதத்தில், ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. ஐரினா இங்கு அணைந்தது. 20 அடிப் பெட்டகங்கள் 24,000-க்கும் மேல் ஏற்றவல்ல கப்பல் அது. பெருங்கப்பலிலிருந்து பெட்டகங்களை இறக்கிச் சிறு கப்பல்களில் மாற்றி ஏற்றுவதே இத்துறைமுகத்தின் முதன்மைப் பணி.

காற்றுக்காகக் காத்திருந்த பழைய மாலுமியைப் போல, இக்கப்பல்கள் திங்கள் கணக்கில் தங்குவதில்லை. பெட்டகங்கள் ஊருக்குள் வராமலே கடலுக்குத் திரும்புகின்றன. அவற்றுள் என்ன இருக்கிறது என்று கரையில் நிற்பவர் அறிய இயலாது. துறைமுகத்தால் வேலையும் வாணிகமும் பெருகும் என்று பலர் நம்புகின்றனர். கரையைக் கடல் அரித்துவிடும் என்று அஞ்சி, 2022-ஆம் ஆண்டில் மீனவர்கள் நூறு நாள்களுக்கும் மேலாகப் போராடினர். அந்நம்பிக்கை, அவ்வச்சம் ஆகிய இரண்டையும் அக்கரையில் நின்றபோது உணர முடிந்தது.

என் தாய் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் பறிச்ச இலையும் இப்படி ஒரு பெட்டியிலதான் போயிருக்கும். எந்த ஊர்ல யாரு குடிச்சாங்களோ! இலை போன தூரம் நான் போகல."

என் மகள் ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டாள். அந்த விரல்களில் கொழுந்து பறித்த காய்ப்பு இன்னும் உள்ளது. தேயிலை சீனத்துப் பயிர். அதனை இம்மலையில் நட்டவர் ஆங்கிலேயர். பறித்தவர் செங்கோட்டையிலிருந்து வந்தவர். பெட்டகத்தின் மேல் இவற்றுள் எதுவும் எழுதியிருக்காது. எழுதாவிட்டால், பறித்தவர் யார் என்பதை ஒருவரும் அறியமாட்டார்.

எழுதி வைத்த பெயர்கள்

மறுநாள் எங்கள் அடுக்களையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. என் தாய் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மலையாள எழுத்தும் ஆங்கில எழுத்தும் அறியார். கடையில் வாங்கிய பொடிப் பொட்டலங்களை முகர்ந்து பார்த்தே வேறுபடுத்துவார். என் மகள் சிறு தாள்களை வெட்டி, மிளகு, சீரகம், வெந்தயம், கொத்தமல்லி, மிளகாய் என்று எழுதி ஒவ்வொரு கலத்திலும் ஒட்டினாள். ஆச்சி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அன்று மாலையில், படிவத்தில் 'தொடர விருப்பம்' என்னும் கட்டத்தில் அவள் குறியிட்டாள். 'நாடு எவிடெயா?' என்னும் கேள்விக்கு அவள் இன்னும் ஒற்றைச் சொல்லில் விடை கண்டுபிடிக்கவில்லை. இப்போது ஆச்சி சொன்னதைப்போல் மூன்று வாக்கியங்களில் விடை சொல்கிறாள்.

மாணவர்களே, உங்கள் குடும்பமும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு வந்திருக்கும். கட்டட வேலைக்கோ, தொழிற்சாலைக்கோ, அலுவலகப் பணிக்கோ, தோட்டத்திற்கோ வந்திருக்கலாம். இன்று உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பொருளின் பெயரையும் தமிழில் எழுதுங்கள். எப்பொருள் எந்நிலத்தில் தோன்றியது, எவ்வழியாக வந்தது என்று கேட்டறியுங்கள். பின்னர் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, "நீங்கள் எவ்வழியாக வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் ஏறிய பேருந்தையோ தொடர்வண்டியையோ, கையில் கொண்டுவந்த பாத்திரத்தையோ, முதல் நாள் உண்ட உணவையோ அவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்லும் சொற்களிலேயே அதனை எழுதி வையுங்கள்.